பின்பால் ஃபிளிப்பர்: சரிசெய்தலும் பராமரிப்பும்

ஃபிளிப்பர் என்பது பின்பால் இயந்திரத்தில் ஆடுபவர் பந்தைத் திருப்பி அடிப்பதற்கான சிறு மட்டை. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால், ஆட்டப்பலகைக்கு அடியில் இருக்கும் மின்காந்தக் காயில் ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு மட்டையை ஏறத்தாழ 50 பாகை சுழற்றும். சுமார் 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுப் பந்து சரிவில் உருண்டு வருகிறது. அதைப் பலகையின் மேற்கோடிக்கே திருப்பி அனுப்பும் வலு இந்த ஒரே வீச்சில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் மிக அதிகமாக இயங்கும் பாகமும், ஆகவே மிக விரைவில் தேயும் பாகமும் இதுதான்.

ஃபிளிப்பர் சோர்ந்துபோனால் காயில் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வலுவான காயில் ஒன்றை மாட்டிவிடுவது பலரது வழக்கம். பெரும்பாலும் அது வீண் செலவு. காயில் என்பது செப்புக் கம்பி சுற்றிய உருளை. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. தேய்வதெல்லாம் அதைச் சுற்றியுள்ள நைலான் புஷ், லிங்க், ஸ்லீவ், ஸ்டாப், சுவிட்ச் முனைகள் ஆகியவைதாம். ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் தளர்ந்தால் போதும், எல்லாம் கூடி வீச்சின் வலுவில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சந்தேகப்பட வேண்டிய வரிசையில் காயில் கடைசியில்தான் வர வேண்டும்.

தோற்றம்

ஸ்பிரிங் வைத்த தண்டால் பந்தை ஏவும் முறைக்கு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்த மாண்டேக் ரெட்கிரேவ் 1871-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக் காலம் இந்த விளையாட்டில் ஃபிளிப்பர் இல்லை. பந்தை ஏவிவிட்ட பின் பெட்டியைத் தட்டுவதும் ஆட்டுவதும் தவிர ஆடுபவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. இது திறமையல்ல, சூதாட்டம் என்ற குற்றச்சாட்டு எழுந்ததில் வியப்பில்லை. நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைத் தடைசெய்தது. மேயர் லா கார்டியா இயந்திரங்களை உடைக்கச் செய்தார்.

சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 1947-இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'தான் மின்சார ஃபிளிப்பர் பொருத்திய முதல் இயந்திரம். வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அதில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஃபிளிப்பர்கள், வெளிப்புறம் பார்த்து அமைந்திருந்தன. அவற்றின் வலு குறைவு. ஒன்று தள்ளிவிட, அடுத்தது வாங்கி மேலே தள்ள, படிப்படியாகத்தான் பந்து ஏறும். அடுத்த ஆண்டே ஜென்கோ நிறுவனத்தின் ஸ்டீவ் கோர்டெக் 'டிரிப்பிள் ஆக்‌ஷன்' இயந்திரத்தில் பலகையின் அடிப்பகுதியில் இரண்டே ஃபிளிப்பர்களை வைத்தார். நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தி அவற்றுக்கு வலுவூட்டியதால் ஆறு செய்த வேலையை இரண்டு செய்தன. ஆக, ஃபிளிப்பரின் வலுவைப் பற்றிய கவலை அது பிறந்த அடுத்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று வழக்கத்தில் உள்ள 3 அங்குல மட்டை, வில்லியம்ஸ் நிறுவனத்தின் 1968-ஆம் ஆண்டு 'ஹேபர்னர்ஸ் 2' வழியாக வந்தது. அதற்கு முன் இருந்தவை 2 அங்குல மட்டைகள்.

நியூயார்க்கின் தடை 1976-இல் நீங்கியது. நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர் பந்து எங்கே போகும் என்று சொல்லிவிட்டு ஆடிக்காட்டியது அந்த முடிவுக்கு உதவியது. சொன்ன இடத்துக்குப் பந்தை அனுப்ப முடிவது ஆடுபவரின் கையில் மட்டுமல்ல, இயந்திரத்தின் நிலையிலும் இருக்கிறது. சரியாக அமைக்கப்படாத ஃபிளிப்பரில் எந்தத் திறமையும் எடுபடாது.

இயங்கும் விதம்

மட்டையின் அடியில் ஓர் உலோகத் தண்டு இருக்கும். அது பலகையில் பதித்த நைலான் புஷ் வழியே கீழே இறங்கும். தண்டின் கீழ்முனையைக் கிராங்க் கவ்விப் பிடித்திருக்கும். கிராங்கையும் இரும்புப் பிளஞ்சரையும் லிங்க் இணைக்கும். பிளஞ்சர் காயிலின் நடுவே உள்ள மெல்லிய ஸ்லீவுக்குள் ஓடும். காயிலின் மறுகோடியில் இருக்கும் எஃகுக் கட்டியான ஸ்டாப்பில் பிளஞ்சர் மோதும் இடமே வீச்சின் எல்லை. பொத்தானை விட்டதும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும். பழைய இயந்திரங்களில் இந்த ஸ்பிரிங் பிளஞ்சரைச் சுற்றி இருக்கும். 1990-களின் வில்லியம்ஸ், பாலி நிறுவன இயந்திரங்களில் கிராங்கையும் அடித்தகட்டையும் இணைத்து வெளியே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியால் ஆன முதல் சுற்று அடிப்பதற்கு. மெல்லிய கம்பியால் பல மடங்கு அதிகமாகச் சுற்றிய இரண்டாவது, தூக்கிய மட்டையைப் பிடித்து வைத்திருப்பதற்கு. வில்லியம்ஸ் நிறுவனத்தின் வலுவான நீலக் காயிலை எடுத்துக்கொண்டால் அடிக்கும் சுற்றின் மின்தடை ஏறத்தாழ 4 ஓம், பிடிக்கும் சுற்றின் தடை ஏறத்தாழ 130 ஓம். 50 வோல்ட்டில் முதல் சுற்று 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதாவது 600 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியில் பாதிச் சக்தி ஒரு கைப்பிடியளவு உருளைக்குள் பாய்கிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அது தாங்கும். சில நொடிகள் நீடித்தால் புகை வரும். பிடிக்கும் சுற்றில் ஓடுவது ஒரு ஆம்பியரில் பாதிகூட இல்லை. 20 வாட் அளவில் காயில் மெல்லச் சூடாகுமே தவிர எரியாது.

முதல் சுற்றிலிருந்து இரண்டாவதற்கு மாறுவதை நிர்ணயிப்பது ஈஓஎஸ் சுவிட்ச், அதாவது வீச்சின் முடிவில் இயங்கும் சுவிட்ச். ஃபிளிப்பர் பராமரிப்பில் பாதிக் கதை இதைப் பற்றியதுதான்.

ஈஓஎஸ் சுவிட்ச்

1980-கள் வரையிலான பெரும்பாலான இயந்திரங்களில் இந்தச் சுவிட்ச் சாதாரண நிலையில் மூடியிருக்கும். மூடியிருக்கும்வரை மின்னோட்டம் பிடிக்கும் சுற்றைத் தவிர்த்து அடிக்கும் சுற்றின் வழியே முழுதாகப் பாயும். மட்டை மேலே போய்ச் சேரும் கணத்தில் கிராங்க் சுவிட்சின் இலையைத் தள்ளித் திறக்கும். அப்போது மின்னோட்டம் மெல்லிய சுற்றின் வழியாகவும் போயாக வேண்டும். உடனே அது குறைந்துவிடும்.

இங்கே பிழை இரண்டு விதமாக வரலாம். முனைகள் கருகியோ தளர்ந்தோ சரியாக மூடாவிட்டால் அடிக்கும் சுற்றுக்கு முழு மின்னோட்டம் போகாது, ஃபிளிப்பர் சோர்ந்து அடிக்கும். முனைகள் திறக்கவே இல்லையென்றால் முழு மின்னோட்டமும் நிற்காமல் பாய்ந்து காயில் எரியும். முதலாவது ஆட்டத்தைக் கெடுக்கும், இரண்டாவது இயந்திரத்தைக் கெடுக்கும். மட்டை முழுதாக உயர்ந்த நிலையில் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 1.5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். வில்லியம்ஸ் கையேடுகள் தரும் அளவு 0.062 அங்குலம். இதைவிட மிகுந்தால் சுவிட்ச் முன்கூட்டியே திறந்து வீச்சின் கடைசிப் பகுதியில் வலு போய்விடும். குறைந்தால் சிறு தேய்மானத்திலேயே திறக்காமல் நின்றுவிடும்.

இடைவெளியை மாற்ற இலையை அடிப்பாகத்துக்கு அருகே, அதற்கென்று உள்ள பிளவு வைத்த கருவியால் மெல்ல வளைக்க வேண்டும். குறட்டால் நடுவில் பிடித்து முறுக்கினால் இலையில் மடிப்பு விழும். அந்த மடிப்பிலேயே பிறகு ஒடியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளஞ்சரைக் கையால் ஸ்டாப்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு இடைவெளியைப் பார்ப்பதே சரியான முறை.

இந்த வகைச் சுவிட்சின் முனைகள் டங்ஸ்டன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பொறி பறப்பதால் அவை குழிவிழும். மெல்லிய அரத்தால் ராவிச் சமப்படுத்தலாம். குழி ஆழமாக இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பொறியைக் குறைக்கச் சில இயந்திரங்களில் சுவிட்சின் குறுக்கே ஒரு மின்தேக்கி இருக்கும். அது விட்டுப்போனால் புதிய முனைகளும் விரைவில் கருகும்.

1990-களில் இந்த ஏற்பாடு மாறியது. 1992-இல் பாலி பெயரில் வந்த 'ஆடம்ஸ் பேமிலி'யில் காணப்படும் ஃபிளிப்ட்ரானிக் முறையில் பொத்தானும் ஈஓஎஸ் சுவிட்சும் கணினிப் பலகைக்குச் செய்தி மட்டும் சொல்கின்றன. காயிலுக்கு மின்சாரம் விடுவது டிரான்சிஸ்டர். பேட் லாலர் வடிவமைத்த அந்த இயந்திரம் 20,270 விற்று ஃபிளிப்பர் உள்ள இயந்திரங்களிலேயே அதிகம் விற்றது என்பதால், இன்றும் பழுதுபார்ப்பவர் கைக்கு வரும் இயந்திரங்களில் இந்த முறை அடிக்கடி எதிர்ப்படும். இதில் ஈஓஎஸ் சுவிட்ச் சாதாரண நிலையில் திறந்திருந்து, மட்டை உயர்ந்ததும் மூடும். முனைகளில் தங்க முலாம் பூசியிருக்கும். இவற்றை அரத்தால் தொடவே கூடாது. முலாம் போனால் சுவிட்சும் போனதுதான். விசிட்டிங் கார்டு ஒன்றை முனைகளுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி இழுத்தால் போதும். பழைய இயந்திரத்தில் பழகிய கை புதியதைத் திறந்ததும் அரத்தை எடுப்பது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து.

டேட்டா ஈஸ்ட் நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் முறையில் முதலில் 50 வோல்ட் பாயும், பிறகு மிகக் குறைந்த அழுத்தம் மட்டையைத் தாங்கிப் பிடிக்கும். இந்த மாற்றம் ஈஓஎஸ் சுவிட்சை நம்பி நடப்பதில்லை. அந்த மரபில் வந்த பின்னாளைய இயந்திரங்களில் ஈஓஎஸ் சுவிட்ச் பார்ப்பது வேறு வேலை: தூக்கிப் பிடித்திருக்கும் மட்டையை வேகமாக வந்த பந்து கீழே தள்ளிவிட்டால் அதைக் கண்டறிந்து மீண்டும் முழு வலுவோடு தூக்கச் சொல்வது.

திறப்பதற்கு முன்

மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். இயந்திரத்தின் மின்சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மேலே உள்ள கண்ணாடி, பதப்படுத்திய வகை. பரப்பில் தட்டினால் தாங்கும், ஓரம் கல் தரையில் மோதினால் நொறுங்கிக் கொட்டும். ஆகவே கம்பளத்தின் மேலோ மரச்சட்டத்தின் மேலோ வைக்க வேண்டும். பலகையைத் தூக்குவதற்கு முன் பந்துகளை எடுத்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள், எஃகுப் பந்து பலகையின் மேல்பகுதியிலுள்ள பிளாஸ்டிக்குகளை உடைத்துக்கொண்டு உருளும் சத்தத்தைக் கேட்ட பிறகு மறப்பதில்லை.

எந்தக் கம்பியையும் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும். மூன்று முனைகள் உள்ள காயிலில் எந்தக் கம்பி எங்கே என்பது முக்கியம். காயிலின் முனைகளில் டயோடுகள் பற்றவைக்கப்பட்டிருந்தால் அவற்றின் பட்டை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். தலைகீழாக மாட்டினால் ஃபியூஸோ டிரான்சிஸ்டரோ உடனே போகும்.

தேயும் பாகங்கள்

பிளஞ்சரைக் கழற்றியதும் அதன் முனையைப் பார்க்க வேண்டும். ஸ்டாப்பில் மோதி மோதி அது சுத்தியல் அடிபட்ட உளித்தலையாக விரிந்திருக்கும். விரிந்த ஓரம் ஸ்லீவின் உட்புறத்தை உராய்ந்து பள்ளமாக்கும். ஃபிளிப்பர் மந்தமாகவும், சில வேளை திரும்பாமலும் நிற்கும். அரத்தால் ஓரத்தை ராவி ஒப்பேற்றலாம். ஆனால் ராவ ராவ பிளஞ்சர் குட்டையாகும், வீச்சு நீளும். மட்டை இருக்க வேண்டியதைவிட மேலே போய் நிற்கும். பந்தைத் தாங்கிப் பிடிக்கும் கோணமே மாறிவிடும். பிளஞ்சரும் லிங்கும் சேர்ந்த தொகுப்பைப் புதிதாக மாட்டுவதே முறை.

ஸ்டாப்பின் முகமும் அதே மோதலில் குழிந்திருக்கும். புதிய பிளஞ்சரைப் பழைய ஸ்டாப்பில் மோதவிட்டால் அதுவும் விரைவில் விரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்டாப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் அதிர்வில் தளர்வது வழக்கம். தளர்ந்தால் காயில் முன்னும் பின்னும் ஆடும். ஆடும் காயிலின் கம்பி என்றாவது ஒருநாள் பற்றவைத்த இடத்திலேயே அறுந்துபோகும். புதுக் காயில் வாங்க வைக்கும் பழுதுகளில் இப்படித் திருகு முடுக்காமல் வந்தவை கணிசம்.

ஸ்லீவை ஒவ்வொரு முறையும் மாற்றிவிட வேண்டியதுதான், விலை அற்பம். அது காயிலிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் காயில் நலம். இழுத்தும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் காயில் எப்போதோ அளவுக்கு மீறிச் சூடாகி உருகியிருக்கிறது. மேலே சுற்றிய காகிதம் பழுப்பேறியிருப்பதும் அதே செய்திதான். அப்போது காயிலை மாற்றலாம், அதுவும் அதே எண்ணுள்ள காயிலாக. வில்லியம்ஸ் காயில்களின் காகித நிறமே வலுவைச் சொல்லும்: நீலம் வலுவானது, சிவப்பு அதற்குக் கீழ், மஞ்சள் சிறு ஃபிளிப்பர்களுக்கானது. கையேட்டில் சொன்னதைவிட வலுவான காயிலை மாட்டினால் பந்து வேகமாகப் போகும் என்பது உண்மை. அந்த வேகத்தில் பந்து வளைவுப் பாதையை விட்டுத் துள்ளும், பிளாஸ்டிக்குகள் உடையும், வடிவமைத்தவர் எண்ணிய ஆட்டம் கெடும் என்பதும் உண்மை.

லிங்கின் துளைகளைக் கவனிக்க வேண்டும். வட்டமாக இருந்தவை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். இந்தத் தளர்ச்சி இருந்தால் பிளஞ்சர் நகரத் தொடங்கிய பிறகுதான் மட்டை அசையத் தொடங்கும். வீச்சின் ஒரு பகுதி மட்டைக்குப் போய்ச் சேராமலே கழியும். சோதிப்பது எளிது. மேலிருந்து மட்டையின் நுனியை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தால், பிளஞ்சர் நகராமலே நுனி எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு தேய்மானம்.

எந்த இடத்திலும் எண்ணெயோ கிரீஸோ விடக்கூடாது. நைலானும் எஃகும் உலர்ந்தபடியே உராயும் விதத்தில்தான் இவை செய்யப்பட்டிருக்கின்றன. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடும்; பிறகு தூசியும் இரும்புத் துகளும் எண்ணெயோடு குழைந்து பசையாகி ஸ்லீவுக்குள் உறையும். அதைச் சுத்தம் செய்வது புதுப் பாகம் போடுவதைவிடப் பெரிய வேலை.

மட்டையைப் பொருத்துதல்

கிராங்கின் கவ்வியைத் தளர்த்தினால் மட்டை சுதந்திரமாகத் திரும்பும். இப்போது சரிசெய்ய வேண்டியவை இரண்டு: உயரமும் கோணமும்.

கிராங்குக்கும் புஷ்ஷின் அடிப்பகுதிக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி தேவை, ஏறத்தாழ 0.8 மி.மீ. இதற்கென்றே மெல்லிய பிளாஸ்டிக் அளவுத் தகடு கிடைக்கிறது. அதைச் செருகி வைத்து மட்டையை மேலிருந்து அழுத்தியபடி முடுக்கினால் இடைவெளி தானாக அமையும். இடைவெளியே இல்லாவிட்டால் கிராங்க் புஷ்ஷை இறுகப் பிடித்து ஃபிளிப்பர் மந்தமாகும். மிகுந்தால் மட்டை மேலும் கீழும் ஆடும். புஷ்ஷின் மேல்விளிம்பு தேய்ந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ மட்டையின் அடி பலகையில் உராய்ந்து, ஓவியத்தில் வில் வடிவக் கீறல் போடும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் இந்தக் கீறலைப் பார்க்கலாம். நைலான் புஷ் ஒன்றின் விலையை மிச்சப்படுத்தியவரின் கையொப்பம் அது.

கோணத்துக்கு வழிகாட்டியாக வில்லியம்ஸ், பாலி, ஸ்டெர்ன் இயந்திரங்கள் பலவற்றில் மட்டையின் அருகே பலகையில் ஊசித்துளை இருக்கும். அதில் பல்குத்தும் குச்சி ஒன்றைச் செருகி, ஓய்வு நிலையில் மட்டை குச்சியைத் தொடும்படி அமைக்க வேண்டும். துளை இல்லாத இயந்திரங்களில், பந்து மட்டைக்கு வந்துசேரும் பாதையின் கம்பியும் மட்டையின் மேல்விளிம்பும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பது பொதுவான முறை. எல்லா இயந்திரத்துக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் மட்டை அந்தக் கோட்டைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படியே வடிவமைத்திருப்பார்கள். ஆகவே அந்த இயந்திரத்தின் கையேட்டையோ பழைய விளம்பரப் படத்தையோ பார்த்துவிடுவது நல்லது. பாதையின் முடிவில் பந்து துள்ளாமல் மட்டையின் மேல் வழுக்கி இறங்கினால் கோணம் சரி.

முடுக்கும்போது ஒரு தொல்லை வரும். பழைய நிலையில் கவ்வி தண்டைக் கடித்துத் தடம் பதித்திருக்கும். சிறிது மட்டும் கோணத்தை மாற்ற விரும்பினால், முடுக்க முடுக்கக் கவ்வி நழுவிப் பழைய தடத்திலேயே போய் உட்காரும். தண்டை அரத்தால் லேசாக ராவித் தடத்தை அழிப்பதே இதற்கு வழி. வில்லியம்ஸ் கிராங்குக்கு 5/32 அங்குல ஆலன் சாவியும் 3/8 அங்குல ஸ்பேனரும் வேண்டும். மில்லிமீட்டர் சாவிகளைப் போட்டுச் சமாளித்தால் திருகின் தலை மழுங்கிவிடும். அதோடு, இவ்வளவு வேகமாக இயங்கும் பாகத்தை அரைகுறையாக முடுக்கினால் பத்து நிமிட ஆட்டத்தில் மட்டை தொங்கிவிடும்.

மட்டையின் நீளமும் எல்லா இயந்திரத்திலும் ஒன்றல்ல. 1990-களின் தொடக்கத்தில் பாலி, வில்லியம்ஸ் சில இயந்திரங்களில் மின்னல் குறி பதித்த, ஏறத்தாழ 3 மி.மீ. குட்டையான மட்டைகளைப் பொருத்தின. நடு இடைவெளி சற்று அகலமாகி ஆட்டம் கடினமாகும் என்பதே நோக்கம். இன்று அவற்றை எடுத்துவிட்டுச் சாதாரண மட்டை போடுபவர்கள் உண்டு. இது பராமரிப்பில் சேராது, ஆட்டத்தின் விதியை மாற்றுவது.

மின்பக்கக் குறைகள்

ஒரு பக்கம் மட்டும் சோர்ந்தால் அந்தப் பக்கத்து இயங்குபாகங்களையும் சுவிட்சுகளையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சோர்ந்தால் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும்: கருகிய இணைப்பிகள், பிரிட்ஜ் ரெக்டிஃபயர், ஃபியூஸ் பிடிப்பான். ஃபிளிப்பருக்குப் போகும் மின்னழுத்தம் பெரும்பாலும் நிலைப்படுத்தப்படாதது. சுவரில் வோல்ட் குறைந்தால் ஃபிளிப்பரிலும் குறையும். 115 வோல்ட்டுக்கென்று செய்த அமெரிக்க இயந்திரத்தை 230 வோல்ட் உள்ள நம் நாடுகளுக்குக் கொண்டுவரும்போது டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றுவார்கள். அதில் உயர் அழுத்தத்துக்கான இணைப்பைப் போட்டுவிட்டு, சுவரில் அதைவிடக் குறைவாகவே வந்தால் இரு ஃபிளிப்பர்களும் எந்தப் பழுதும் இல்லாமலே சோர்ந்திருக்கும்.

பொத்தானுக்குப் பின்னால் உள்ள சுவிட்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய இயந்திரங்களில் காயிலுக்குப் போகும் முழு மின்னோட்டமும் அதன் வழியேதான் போகிறது. அதன் டங்ஸ்டன் முனை கருகினால் ஈஓஎஸ் கருகியதற்கும் இதற்கும் அறிகுறியில் வேறுபாடே தெரியாது. பின்னாளைய இயந்திரங்களில் அந்த இடத்தில் ஒளியுணர் சுவிட்ச் உண்டு. அதில் தூசி படிந்தால் ஃபிளிப்பர் விட்டுவிட்டு இயங்கும். பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பொத்தானை அழுத்திப் பிடித்ததும் மட்டை படபடவென்று ஏறி இறங்கினால், பழைய வகை இயந்திரத்தில் அது பிடிக்கும் சுற்று அறுந்ததன் அடையாளம். மட்டை உயர்கிறது, ஈஓஎஸ் திறக்கிறது, மின்னோட்டம் அடியோடு நிற்கிறது, மட்டை விழுகிறது, சுவிட்ச் மூடுகிறது, மறுபடி உயர்கிறது. மெல்லிய கம்பி முனையில் பற்றவைத்த இடத்தில்தான் பொதுவாக அறுந்திருக்கும். பற்றவைத்தால் அதே காயில் இன்னும் பல ஆண்டு ஓடும்.

தொடக்கத்தில் நன்றாக அடித்து, அரைமணி நேரத்தில் சோர்வது வேறு வகை. செப்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். காயில் 50 பாகை சூடேறினால் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடி, இழுப்பு குறையும். ஓரளவு சோர்வு இயல்பே. ஆனால் இயங்குபாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் ஆடுபவர் அதை உணரமாட்டார். தேய்ந்து விளிம்பில் நிற்கும் ஃபிளிப்பரில்தான் அது வெளிப்படும்.

சில நவீன இயந்திரங்களில் ஃபிளிப்பரின் வலுவை நிரல் வழியே கூட்டவும் குறைக்கவும் முடியும். தேய்மானத்தை மறைக்க அதைக் கூட்டுவது காயிலைத்தான் வாட்டும்.

ரப்பர், பந்து, சரிவு

மட்டையைச் சுற்றிய ரப்பர் வளையம் மலிவான பாகம். அதன் நிலை ஆட்டத்தை உடனே மாற்றும். வெடித்த ரப்பர், மெருகேறி வழுக்கும் ரப்பர் இரண்டையும் கழற்றி எறிந்துவிடலாம். சிவப்பு ரப்பர் துள்ளல் மிக்கது, கறுப்பு சற்றுக் கடினமானது, கறுப்புத் தூளும் உதிர்க்கும். சிலிகானும் பாலியுரேத்தேனும் நெடுநாள் உழைக்கும். ஆனால் பந்தை மட்டையில் மோதவிட்டுச் சாகடித்துப் பிடிப்பதில் பழகியவர்கள், புதுப் பொருளின் துள்ளலுக்குக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். புது ரப்பரைப் போட்ட பின் கோணத்தை மறுபடி பார்க்கவும். தடிமன் மாறினால் குச்சியின் கணக்கும் மாறும்.

குழிவிழுந்த பந்து பலகையின் மெருகை அரைக்கும், ரப்பரைக் கிழிக்கும். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, பளபளப்புப் போயிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஃபிளிப்பரில் எல்லாம் சரியாக இருந்தும் பந்து மேலே ஏறாவிட்டால் பலகையின் சரிவை அளக்க வேண்டும். மின்னணு இயந்திரங்களுக்கு வழக்கமான சரிவு 6.5 பாகை, பழைய மின்னியந்திர வகைகளுக்கு ஏறத்தாழ 3.5. பின்கால்களின் திருகை அளவுக்கு மீறி உயர்த்திய இயந்திரத்தில் நல்ல ஃபிளிப்பரும் சோப்ளாங்கியாகத் தெரியும். பழுதுபார்க்கத் தொடங்கும்போதே இதைப் பார்த்துவிட்டால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

உதிரிபாகங்கள்

வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் பின்பால் தயாரிப்பை நிறுத்தியது. ஆயினும் அதன் ஃபிளிப்பர்களுக்கான பிளஞ்சர், லிங்க், ஸ்டாப், புஷ், ஸ்லீவ், ஸ்பிரிங், ஈஓஎஸ் சுவிட்ச் ஆகியவை இன்றும் புதிதாகத் தயாராகி, ஒரு ஜோடிக்குத் தேவையானவை ஒரே பொட்டலமாகவும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் புதுப்பித்தால் இடமும் வலமும் வெவ்வேறு வலுவில் அடிக்கும் என்பதால் ஜோடியாகவே மாற்றுங்கள். வாங்கும்போது இயந்திரத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். 1980-களின் ஈஓஎஸ் சுவிட்ச் 1990-களின் இயந்திரத்துக்கு உதவாது, வில்லியம்ஸின் இடப்பக்கக் கிராங்க் வலப்பக்கத்துக்குப் பொருந்தாது.